பிப்ரவரியில் நான், ஜூனில் குடும்பம்: டெக்சஸ்வாசி ஆவது எந்தத் தேதியில்?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் எட்டு வருடமாக இருக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கும் மகளுக்கும் அதைச் சார்ந்த எச்-4. கம்பெனி என்னை டெக்சஸ் பிளேனோ அலுவலகத்துக்கு மாற்றுகிறது. பிப்ரவரி 9 அன்று காரோடு போய்ச் சேருகிறேன். மகள் பதினொன்றாவது படிப்பதால், பள்ளி முடிந்து ஜூன் 26 வாக்கில்தான் குடும்பம் வரும். எடிசன் வீட்டை அதுவரை வைத்திருப்போம். காருக்கு லோன் பாக்கி இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கிடையாது. நியூஜெர்சி லைசன்சில் ‘எஃப்என்யூ’ என்று போட்டிருக்கிறார்கள். மனைவியிடம் லேர்னர் பெர்மிட் மட்டும் இருக்கிறது. லைசன்ஸ், கார் ரிஜிஸ்ட்ரேஷன், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் நான் எந்தத் தேதியிலிருந்து டெக்சஸ்வாசி? எதை முதலில் செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

‘எந்தத் தேதி’ என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காருக்கு ஒரு கணக்கு, லைசன்சுக்கு ஒரு கணக்கு, வருமான வரிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. நீங்கள் பிப்ரவரி 9 அன்று குடியேறினால், கார் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 30 நாள், அதாவது மார்ச் 11. லைசன்சுக்கு 90 நாள், மே 10. குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் சொல்ல 10 நாள், பிப்ரவரி 19. இந்த மூன்று தேதிகளையும் இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். இவற்றைவிட முக்கியம் வரிசை. ஒரு காகிதம் கையில் வந்தால்தான் அடுத்த கவுன்டரில் வேலை நடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எச்-1பி. எடிசனும் பிளேனோவும் ஒரே பெருநகர வட்டாரம் அல்ல. அதனால் பிளேனோ முகவரிக்குப் புதிய எல்சிஏ (தொழிலாளர் துறையிடம் சம்பளமும் வேலையிடமும் சொல்லி வாங்கும் ஒப்புதல்) எடுத்து, திருத்த மனுவைக் கம்பெனி தாக்கல் செய்திருக்க வேண்டும். அங்கே முதல் நாள் வேலைக்கு உட்காருவதற்கு முன்பே தாக்கல் ஆகியிருக்க வேண்டும். அப்ரூவல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எச்ஆரிடம் ரசீது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: திருத்தத்தோடு நீட்டிப்பும் சேர்த்துப் போடுகிறார்களா? லைசன்ஸ் எடுக்கப் போகும் நாளை அது தீர்மானிக்கும். கீழே சொல்கிறேன்.

முகவரி மாற்றத்துக்கான ஏஆர்-11 ஆளுக்கு ஒன்று. பிப்ரவரியில் உங்களுக்கு மட்டும் போடுங்கள். மனைவியும் மகளும் வந்தபிறகு, அவர்கள் வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அவர்களுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். தபால் நிலையத்தில் கடிதங்களைத் திருப்பிவிடச் சொல்லி எழுதிக்கொடுப்பது இதற்கு ஈடாகாது. பலர் அதைச் செய்துவிட்டு இதையும் முடித்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

இனி வீடு. பிளேனோ அப்பார்ட்மென்ட் லீஸில் மனைவியின் பெயரையும் இப்போதே சேருங்கள். அவர் ஜூனில்தானே வருகிறார் என்று விடாதீர்கள். டெக்சஸில் லைசன்ஸ் கொடுப்பது பொதுப் பாதுகாப்புத் துறை, எல்லோரும் சொல்வது டிபிஎஸ். குடியிருப்புக்கு அவர்கள் இரண்டு ஆவணம் கேட்பார்கள். இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் அனுப்பிய தண்ணீர் பில்லும் கேஸ் பில்லும் ஒன்றாகத்தான் கணக்கு. நம் வீடுகளில் லீஸ், கரன்ட், இன்டர்நெட் எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். நாலு மாதம் கழித்து மனைவி லைசன்சுக்குப் போய் நிற்கும்போது அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பிளேனோவில் கரன்ட் கம்பெனியை நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்குத் திறக்கும்போதே இரண்டு பெயரும் போடச் சொல்லுங்கள். வங்கிக் கூட்டுக் கணக்கின் முகவரியையும் மாற்றினால் அவருக்கு இரண்டு ஆவணம் ஆயிற்று. இது எதுவுமே முடியாமல் போனால், ஒரே வீட்டில் வசிக்கும் உறவினர் கையெழுத்திடும் குடியிருப்பு உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்களும் உங்கள் ஆவணங்களோடும் திருமணச் சான்றிதழோடும் கூடவே போய் நிற்க வேண்டும்.

ஆவணத்தில் முகவரி அச்சாகியிருக்க வேண்டும். பழைய முகவரியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடப்பட்ட கடிதம் செல்லாது. வீட்டு எண்ணைக் கவனியுங்கள். லீஸில் அப்பார்ட்மென்ட் எண் இருக்கும், இன்ஷூரன்ஸ் காகிதத்தில் தெருவோடு நின்றிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லிவிட்டால் கவுன்டரில் வாதாட வேண்டியிராது.

அடுத்தது கார். லைசன்ஸ் ஆபீசுக்கு முதலில் ஓடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வேறு மாநில லைசன்சை ஒப்படைத்து டெக்சஸ் லைசன்ஸ் கேட்பவரிடம், அவர் பெயரில் கார் இருந்தால், அந்தக் கார் டெக்சஸில் ரிஜிஸ்டர் ஆனதற்கான காகிதத்தையும் இன்ஷூரன்ஸையும் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அப்பாயின்ட்மென்ட் வீண். இன்ஷூரன்ஸ், புகைச் சோதனை, கவுன்டி டாக்ஸ் ஆபீஸ், டிபிஎஸ்: உங்கள் வரிசை இதுதான்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒரு விஷயத்தை நிதானமாக யோசியுங்கள். டெக்சஸ் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், ஒருவருக்குக் காயம் 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பிறர் சொத்துச் சேதம் 25,000. இது மிகக் குறைவு. புதுக் கார் ஒன்றை இடித்தால் 25,000 போதாது. நியூஜெர்சியில் உங்கள் சொந்த மருத்துவச் செலவுக்கான பிஐபி பாலிசியோடு வந்துவிடும். டெக்சஸில் கம்பெனி அதைக் கொடுக்க முன்வர வேண்டும், வேண்டாமென்றால் நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவோமே, அதில் ஒன்று இந்த மறுப்பாக இருக்கலாம். படித்துவிட்டுப் போடுங்கள். நான் மறுக்கச் சொல்ல மாட்டேன்.

பழைய பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரி 1 முதல் தனியார் கார்களுக்கு இல்லை. அதற்குப் பதில் 7.50 டாலர் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் புகைச் சோதனை போகவில்லை. காலின், டாலஸ், டென்டன், டாரன்ட் போன்ற கவுன்டிகளில் 2 முதல் 24 வருடம் வரையான பெட்ரோல் கார்களுக்கு அது உண்டு. பிளேனோ பெரும்பாலும் காலின் கவுன்டி என்பதால் உங்களுக்கும் பொருந்தும். சோதனை என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் கருவியைச் செருகிக் காரின் கம்ப்யூட்டரைப் படிப்பதுதான். பேட்டரி புதிதாக மாற்றியிருந்தாலோ, செக் எஞ்சின் விளக்கை யாராவது அழித்திருந்தாலோ, ‘மானிட்டர்கள் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. சில நாள் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓட்டினால் சரியாகும். எடிசனிலிருந்து ஓட்டிக்கொண்டே வருவதானால் கவலையில்லை. டிரக்கில் ஏற்றி அனுப்பி, வழியில் பேட்டரி இறங்கி, புதிது போட்ட கார்தான் இதில் மாட்டும்.

சோதனைக் காகிதம், டெக்சஸ் இன்ஷூரன்ஸ், நியூஜெர்சி ரிஜிஸ்ட்ரேஷன், பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததையும் எதுவரை இருக்கலாம் என்பதையும் காட்டும் பதிவு) அச்சுப் பிரதியும், பூர்த்தி செய்த 130-யூ (டைட்டில், ரிஜிஸ்ட்ரேஷன் விண்ணப்பம்) படிவம் இவற்றோடு கவுன்டி டாக்ஸ் அசெசர் அலுவலகத்துக்குப் போங்கள். லோன் முடியாததால் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், வங்கியிடம் இருக்கும். அதனால் ரிஜிஸ்ட்ரேஷன் நின்றுவிடாது. ‘ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும்’ என்ற கட்டத்தை அந்தப் படிவத்தில் டிக் செய்யலாம். லோன் முடிந்து டைட்டில் கைக்கு வந்தபிறகு டெக்சஸ் டைட்டில் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தில் காரின் 17 இலக்க விஐஎன் எண்ணை விண்ட்ஷீல்டின் அடியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 8-ம் பியும் ஒன்றாகத் தெரியும்.

செலவு: புதுக் குடியிருப்பாளர் வரி 90 டாலர், ஒரு வருட ரிஜிஸ்ட்ரேஷன் 50.75, மேலே சொன்ன 7.50, அதோடு கவுன்டியின் சிறு கட்டணங்கள். டைட்டிலும் எடுத்தால் கவுன்டியைப் பொறுத்து 28 அல்லது 33. எலெக்ட்ரிக் கார் என்றால் வருடத்துக்கு இன்னும் 200. வேறு மாநிலத்தில் உங்கள் பெயரிலேயே ரிஜிஸ்டர் ஆகியிருந்த கார் என்பதால்தான் வரி 90-ஓடு நிற்கிறது.

கழற்றிய நியூஜெர்சி நம்பர் பிளேட்டுகளை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றை நியூஜெர்சி வாகனத் துறையான எம்விசியிடம் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கியபிறகுதான் பழைய இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும். முதலில் இன்ஷூரன்ஸை நிறுத்தினால், இன்ஷூரன்ஸ் இல்லாத கார் இன்னும் ரிஜிஸ்ட்ரேஷனில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். எடிசனில் மனைவி இருப்பது வசதி. பார்சலில் அவருக்கு அனுப்பினால் நேரில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடலாம்.

இப்போது லைசன்ஸ். காலாவதியாகாத நியூஜெர்சி லைசன்ஸ் இருப்பதால் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உங்களுக்குக் கிடையாது. கண் பரிசோதனை, கைரேகை, புகைப்படம் மட்டும். ‘30 நாள் டெக்சஸில் இருந்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும் லைசன்ஸை ஒப்படைப்பவருக்கு இல்லை. எந்த ஊர் டிபிஎஸ் ஆபீசுக்கும் போகலாம். பிளேனோவில் நாள் கிடைக்காவிட்டால் கேரல்டன், கார்லண்ட் மெகா சென்டர்களில் பாருங்கள். பிறர் ரத்து செய்த இடங்கள் காலையில் திறக்கும். தினமும் ஒரு தடவை பார்ப்பது பலன் தரும்.

உங்களுக்குக் கிடைப்பது ‘லிமிடெட் டெர்ம்’ என்று அச்சான அட்டை. அதன் காலாவதி, உங்கள் சட்டபூர்வ இருப்பு முடியும் தேதியோடு கட்டப்பட்டது. கட்டணம் 33 டாலர். எட்டு வருட அட்டை வாங்கும் அமெரிக்கக் குடிமகன் கட்டுவதும் அதேதான். நீட்டிப்பைக் கேட்டு வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். திருத்தத்தோடு நீட்டிப்பும் போயிருந்து, ஏப்ரலுக்குள் முடிவு வரும் என்று வக்கீல் சொன்னால், டிபிஎஸ் அப்பாயின்ட்மென்ட்டை ஏப்ரல் கடைசிக்கு வாங்குங்கள். இல்லாவிட்டால் சில மாதத்துக்கான அட்டையை வாங்கிவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் மே 10-ஐத் தாண்ட விடாதீர்கள். உங்கள் நியூஜெர்சி லைசன்ஸ் அதற்கு முன்பே காலாவதியாகிறதா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஐ-94 விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கடைசியாக இந்தியாவிலிருந்து வந்தபோது கிடைத்த ஐ-94-ஐ இணையத்திலிருந்து அச்செடுத்துக்கொண்டு போவார்கள். அதன்பிறகு நீட்டிப்பு வந்திருந்தால், ஐ-797ஏ என்ற அப்ரூவல் தாளின் அடியில் கிழித்தெடுக்கும்படி இன்னொரு ஐ-94 இருக்கும். பிந்தையதுதான் நடப்பில் இருப்பது. இரண்டையும், பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கவுன்டரில் சேவ் என்ற மத்திய அரசுக் கணினி வழியாகச் சரிபார்ப்பார்கள். உடனே பதில் வராவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பி, ஒரு கேஸ் எண் தருவார்கள். அதை வைத்து சேவ் தளத்தில் நிலையைப் பார்க்கலாம். பயந்துபோய் வேறு ஆபீசில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம், காத்திருங்கள்.

எஃப்என்யூ பற்றி. அது பெயரல்ல, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்ததால், விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் இது உட்கார்ந்துகொண்டது. ஐ-94 தேடும்போதும் அப்படியேதான் போட வேண்டும். இடம்பெயரும் நேரத்தில் இதைச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. டிபிஎஸ் உங்கள் பெயரைக் குடியேற்ற ஆவணத்தில் உள்ளபடிதான் எடுக்கும். லீஸ், இன்ஷூரன்ஸ், கார் ரிஜிஸ்ட்ரேஷன் மூன்றையும் இப்போதைக்கு அதே வடிவத்தில் போடுங்கள். சரிசெய்வதை வேரிலிருந்து தொடங்க வேண்டும்: சர்நேம் பிரித்த புதிய இந்தியப் பாஸ்போர்ட், அதன்படி எச்-1பி ஆவணமும் விசாவும், பிறகு சோஷியல் செக்யூரிட்டி, கடைசியில் லைசன்ஸ். டெக்சஸ்வாசிகளுக்கான இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டன். அங்கே முகவரிச் சான்றாக டெக்சஸ் லைசன்ஸையே காட்டலாம்.

இனிச் சொல்வதை மனைவியும் படிக்கட்டும். டிபிஎஸ் விண்ணப்பத்தில் அமெரிக்கக் குடிமகனா, வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்ற கேள்விகள் இருக்கும். இரண்டுக்கும் ‘இல்லை’. ஆவணமெல்லாம் காட்டியாயிற்றே, தெரியாதா என்று அலட்சியமாக விடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொள்வது குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்றம். பின்னால் கிரீன் கார்டையே நிரந்தரமாக அடைத்துவிடக்கூடியது. கவுன்டர்க்காரர் வேகமாகக் கேட்டுக்கொண்டே போகும்போது தலையாட்டிவிடக் கூடாது. காகிதத்தில் டிக் செய்ததைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை படியுங்கள். திரையில் கையெழுத்து வாங்கினால் திரையையும் படியுங்கள். தவறாகப் பதிவானால் அங்கேயே, அப்போதே திருத்தச் சொல்லுங்கள். லைசன்ஸ் வந்தபிறகு ஜூரி பணிக்குச் சம்மன் வரலாம். டெக்சஸில் அந்தப் பட்டியல் லைசன்ஸ் பட்டியலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

கையில் தற்காலிகக் காகிதம் தருவார்கள், அட்டை தபாலில் வரும். பழைய லைசன்ஸை வாங்கிக்கொள்வதால் இடைப்பட்ட வாரங்களில் விமானப் பயணம் இருந்தால் பாஸ்போர்ட்டையே நம்புங்கள்.

வரியும் கல்லூரியும் மிச்சம். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. நியூஜெர்சிக்கு அந்த வருடம் பகுதிக்கால ரிட்டர்ன் போட வேண்டும். ஆனால் எந்தத் தேதிவரை? நிரந்தர இருப்பிடம் என்பது சட்டப்படி ஒருவருக்கு ஒன்றுதான். பழையதைக் கைவிட்டு, புதியதில் நிலைக்கும் எண்ணத்தோடு போனால்தான் மாறும். மனைவியும் மகளும் எடிசன் வீட்டில் இருக்கும் நாலரை மாதத்துக்கு, ‘நீங்கள் இன்னும் எங்கள்வாசிதான்’ என்று நியூஜெர்சி சொல்ல இடமிருக்கிறது. பிப்ரவரியா ஜூனா என்பதை லீஸ், வேலை மாற்றக் கடிதம், கார், லைசன்ஸ் தேதிகளோடு வரிக் கணக்காளரிடம் (சிபிஏ) காட்டி முடிவு செய்யுங்கள். இதற்கிடையே நியூஜெர்சி வரிப் பிடித்தம் எந்தச் சம்பளத்திலிருந்து நிற்கிறது என்று பே ஸ்டப்பில் பாருங்கள்.

மகள் டெக்சஸில் பன்னிரண்டாவது முடித்தாலும், பள்ளிப் படிப்பை முடிக்குமுன் 36 மாதம் டெக்சஸில் இருந்தவர்களுக்கான வழி அவருக்குப் பொருந்தாது. பெற்றோர் வழிதான்: அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க, அந்தப் பருவத்தின் கணக்கெடுப்பு நாளுக்கு (கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முந்தைய 12 மாதம் பெற்றோர் டெக்சஸில் வசித்து, இருப்பிடத்தை நிலைநாட்டியிருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தகுதி உண்டு. இங்கே லைசன்ஸைவிட வேலைக்கு எடை அதிகம். 12 மாதத் தொடர் வேலைக்குக் கம்பெனி தரும் கடிதம் முதல் சான்று. லீஸும் பில்களும் துணைச் சான்று. அவர் சேருவது அடுத்த வருட இலையுதிர் பருவத்தில், கணக்கெடுப்பு செப்டம்பரில். ஜூன் 26-ஐ எடுத்தாலும் 14 மாதம் ஆகிவிடுகிறது. ஆகவே கல்லூரிக்காகப் பிப்ரவரித் தேதிக்கு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மனைவியின் நியூஜெர்சி பெர்மிட் டெக்சஸில் எதற்கும் ஈடாகாது. புதிதாகத் தொடங்க வேண்டும். ஒப்படைக்க லைசன்ஸ் இல்லாததால் 30 நாள் வசித்ததற்கான சான்று அவருக்குக் கட்டாயம். லீஸ் பிப்ரவரியில் தொடங்கினாலும் அவர் வந்தது ஜூனில் என்பதால், ஜூலை கடைசிக்கு மேல் போகட்டும். எச்-4இல் வேலை அனுமதி இல்லாமல் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்திருக்காது. எண் வழங்கப்படவில்லை என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். 25 வயதைத் தாண்டியவருக்கு 6 மணி நேரப் பாடம் கட்டாயமில்லை, ஆனாலும் சாலை விதிகள் புதிது என்பதால் எடுப்பது நல்லது. எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, 21 சரியாக இருந்தால் தேர்ச்சி. லேர்னர் லைசன்ஸ் வாங்கி உங்களோடு பழகலாம். ஓட்டும் தேர்வுக்கு முன் ‘இம்பாக்ட் டெக்சஸ்’ என்ற ஒரு மணி நேர இலவச வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது 90 நாள்தான் செல்லும் என்பதால் தேர்வு நாள் கிடைத்தபிறகு பார்க்கட்டும். பாரலல் பார்க்கிங் தேர்வில் உண்டு. அப்பார்ட்மென்ட் வாசலில் இரண்டு குப்பைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு அதை மட்டும் தனியாகப் பழகச் சொல்லுங்கள்.